ஆறு ஸ்டூடியோ ஹெட்ஃபோன்கள்: எந்த இசைக்கு எது?

கேள்வி இதுதான். கர்நாடக சங்கீதம், பழைய சினிமாப் பாட்டு, ராக், எலக்ட்ரானிக் என்று எல்லாம் கேட்பவர் ஒருவர். வீட்டிலேயே மைக் வைத்துக் கொஞ்சம் பாடிப் பதிவும் செய்கிறார். சென்ஹைசர் எச்டி 600, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, டிடி 990 ப்ரோ, சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ், ஏகேஜி கே702 ஆகிய ஆறில் ஒன்றே ஒன்று வாங்க வேண்டும். எது எந்த இசைக்குப் பொருந்தும்? ஒருவர் தலையில் தூக்கி வைத்து ஆடுவதை இன்னொருவர் குப்பை என்கிறாரே, யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்பலாம். இருவரும் வேறு வேறு பாட்டைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். குறையே இல்லாத ஹெட்ஃபோன் கிடையாது. ஒவ்வொன்றின் ஒலியிலும் ஓரிடத்தில் மேடு (சில அதிர்வெண்கள் தூக்கல்), ஓரிடத்தில் பள்ளம் (சில அமுக்கம்). அந்த மேடும் பள்ளமும் உங்கள் இசையில் எதன்மேல் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கூர்மையான மேல் ஒலிகளில், ஒரு மேடு இருந்தால், புல்லாங்குழல் கேட்பவருக்கு அது மூச்சுக் காற்றின் உயிர்ப்பு. சினிமாப் பாட்டில் ‘ஸ’, ‘ஷ’ வரும் ஒவ்வொரு முறையும் அதே மேடு காதில் ஊசி.

‘ஸ்டூடியோ ஹெட்ஃபோன் என்றால் எதையும் தூக்காமல் அமுக்காமல் ஃபிளாட்டாக இருக்கும்’ என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். காது மடலும் காதுத் துளையும் சேர்ந்து 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைத் தாமாகவே தூக்கிக் கொடுக்கும். அறையில் ஸ்பீக்கர் கேட்கும்போது இது இயல்பாக நடந்துவிடுகிறது. காதை மூடி உட்காரும் ஹெட்ஃபோனில் அந்தத் தூக்கலைத் தயாரிப்பாளர் கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு சேர்ப்பது என்பதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கணக்கு. ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் பல ஆண்டுகள் நடத்திய கேட்புச் சோதனைகளில், நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கரைப் போல, பாஸ் (கீழ் ஒலிகள்) கொஞ்சம் தூக்கலாக இருக்கும் ஒலியையே பெரும்பாலானோர் விரும்பினார்கள். இந்த ஆறில் எதுவும் அந்த ஒலியோடு அச்சாகப் பொருந்தவில்லை.

ஆறையும் முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். டிடி 770, 7506, எம்50எக்ஸ் மூன்றும் க்ளோஸ்டு பேக்: பின்பக்கம் மூடியவை, ஒலி வெளியே அதிகம் கசியாது. எச்டி 600, டிடி 990, கே702 மூன்றும் ஓப்பன் பேக்: பின்பக்கம் வலைதான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்கும். பாடுபவர் மைக்கின் முன் போட்டுக்கொள்ள மூடியது. பதிவான ஒலிகளைக் கலந்து மிக்ஸ் செய்பவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கத் திறந்தது. இது விருப்பத்தைப் பொறுத்த பிரிவு இல்லை, வேலையைப் பொறுத்தது.

இனி இசைக்கு வருவோம். குரலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஹெட்ஃபோனின் மிட் பகுதியில் (நடுத்தர அதிர்வெண்களில்) கோணல் இருந்தால் அதை முதலில் காட்டிக்கொடுப்பது மனிதக் குரல்தான். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய ஒலி, ஏமாற்ற முடியாது.

எச்டி 600 வந்தது 1997-இல். இத்தனை வருடம் கழித்தும் குரலுக்கு என்று கேட்டால் என் கை முதலில் அதன் பக்கம்தான் போகும். ஒரு கச்சேரிப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ராகம் பாடத் தொடங்கியதும் பாடகர் மந்தர ஸ்தாயிக்கு இறங்குகிறார். பின்னால் தம்புரா ஓடிக்கொண்டிருக்கிறது. சுமாரான ஹெட்ஃபோனில் தம்புரா வெறும் ‘ம்ம்ம்’ என்ற மொத்த ரீங்காரம். எச்டி 600-இல் பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்று நான்கு தந்தியும் ஒன்றன்பின் ஒன்றாக விழுவதை எண்ணலாம். குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் செருகிய நூல் எழுப்பும் அந்த மினுமினுப்பு குரலுக்குப் பின்னால் தனியாக நிற்கும், குரலின் மேல் ஏறிக் கொள்ளாது. வயலின் பாடகரைத் தொடரும்போது எது குரலின் கமகம், எது வில்லின் கமகம் என்று குழப்பமே வராது.

மிருதங்கம் இன்னும் கடுமையான பரீட்சை. பெரும்பாலான தோல் வாத்தியங்களுக்குத் திட்டமான சுருதி கிடையாது. அவற்றின் மேலதிர்வுகள் தாறுமாறாக விழும். மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கருப்புப் பூச்சு தோலுக்குக் கனம் கொடுத்து, அந்த மேலதிர்வுகளைத் தந்தி வாத்தியத்தில் இருப்பதுபோல ஒழுங்குக்குக் கொண்டு வருகிறது. சி. வி. ராமன் 1920-இலேயே இதை ஆராய்ந்து எழுதினார். அதனால்தான் மிருதங்கத்தைப் பாடகரின் சுருதிக்குச் சேர்க்க முடிகிறது. ஹெட்ஃபோனைப் பொறுத்தவரை இதற்கு என்ன அர்த்தம் என்றால், கீழ் மிட் குழிந்த ஹெட்ஃபோனில் சாப்பு என்ற அடியின் நாதம் மெலிந்து, தோலில் விரல் பட்ட ‘டக்’ மட்டும் மிஞ்சும். எம்50எக்ஸில் 300 ஹெர்ட்ஸை ஒட்டி அப்படி ஒரு குழி உண்டு. தாளம் கேட்கும், சுருதி கேட்காது. தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) உள்ளங்கையை அழுத்தி இழுக்கும் கும்கிக்கு எச்டி 600-இன் பாஸ் போதும். அதற்கும் கீழே போனால் அதனிடம் சரக்கு இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கே702-இல் குரல் தெளிவாக இருக்கும், ஆனால் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துத் தூக்கலால் பாடகர் ஒரு அடி முன்னால் வந்து நின்று பாடுவதுபோல் இருக்கும். நெஞ்சுக் கனம் குறையும். நாகஸ்வரத்தை டிடி 990-இல் சத்தமாக வைத்துக் கேட்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. காது உங்களுடையது.

பழைய சினிமாப் பாட்டு தனிக் கதை. 1950களின், 60களின் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ. இரண்டு காதிலும் ஒரே ஒலி என்பதால் எல்லாம் நடு மண்டையில் குவிந்து நிற்கும். எவ்வளவு அகலமான சவுண்ட்ஸ்டேஜ் (ஒலி பரந்து விரிந்து கேட்கும் உணர்வு) உள்ள ஹெட்ஃபோனானாலும் இதில் வேலையில்லை. தேவை இரண்டு: குரல் இயல்பாக இருக்க வேண்டும், டேப்பின் இரைச்சலைத் தூக்கிக் காட்டக் கூடாது. ட்ரெபிள் (மேல் ஒலிகள்) துருத்திக்கொண்டிருக்கும் 7506-இலும் டிடி வகைகளிலும் பாட்டைவிட ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான் முதலில் காதில் விழும். இங்கேயும் எச்டி 600-தான். பட்டியலில் இல்லாத எச்டி 650-ஐயும் சொல்லலாம்: 2003-இல் வந்தது, மேல் பகுதி இன்னும் கொஞ்சம் மிருது.

ஸ்டீரியோ வந்த புதிதில் செய்த பதிவுகளில் குரல் ஒரு பக்கம், வாத்தியங்கள் இன்னொரு பக்கம் என்று அடியோடு பிரித்துப் போட்டிருப்பார்கள். ஸ்பீக்கரில் இது உறுத்தாது. இடப்பக்க ஸ்பீக்கரின் ஒலி வலக்காதுக்கும் போய்ச் சேர்கிறது, கால் மில்லி விநாடி போலத் தாமதமாக, சற்றே மங்கலாக. ஹெட்ஃபோனில் அந்தக் கலப்பு இல்லாததால் ஒரு காது காலியாகக் கிடக்கும். பத்து நிமிடத்தில் தலை ஒருபக்கம் சாய்வதுபோல் ஆகிவிடும். இதற்கு, ஒரு பக்க ஒலியில் கொஞ்சத்தை மறு காதுக்கும் கலந்துவிடும் க்ராஸ்ஃபீட் என்று ஒரு வழி உண்டு. பெஞ்சமின் பாவர் (Bauer) என்பவர் 1961-இலேயே அதற்கான சுற்றை எழுதிவிட்டார். இன்று பல மியூசிக் பிளேயர் மென்பொருள்களில் ஒரு பொத்தானாகவே கிடைக்கிறது. இதற்காக ஹெட்ஃபோனை மாற்ற வேண்டியதில்லை.

புதிய சினிமாப் பாட்டு, பாப் என்று வந்தால் பிரச்சினை வேறு. குரலைப் பளிச்சென்று முன்னால் வைத்து, ட்ரெபிளை ஏற்கெனவே தூக்கி மிக்ஸ் செய்திருப்பார்கள். அதன்மேல் டிடி 990-இன் தூக்கலும் சேர்ந்தால் இரட்டிப்பு. ‘ச’, ‘ஸ’ உராய்வெல்லாம் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. டிடி 770, டிடி 990 இரண்டின் மேடும் 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டி. 990-இல் அதிகம், 770-இல் சற்றுக் குறைவு. கேட்ட முதல் ஐந்து நிமிடம் ‘ஆகா, எவ்வளவு டீட்டெயில்’ என்று தோன்றும். ஒரு மணி நேரத்தில் கழற்றி வைப்பீர்கள்.

மிக்ஸ் செய்பவருக்கு இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது, நானே விழுந்தது. நண்பர் ஒருவர் பாடியதைப் பதிவு செய்து, ட்ரெபிள் மிகுந்த ஒரு ஹெட்ஃபோனில் இரவு முழுக்க உட்கார்ந்து மிக்ஸ் செய்தேன். ‘ஸ’காரம் ஒவ்வொன்றும் குத்தியது, ஒவ்வொன்றாக வெட்டினேன். ‘ஸ’ உராய்வைக் குறைக்கும் டீ-எஸ்ஸரை அழுத்திப் போட்டேன். காலையில் ஸ்பீக்கரில் போட்டால், போர்வைக்குள்ளிருந்து பாடுகிறார் மனுஷன். நாக்கே இல்லாதவர்போல ‘ச’ எல்லாம் ‘த’ ஆகியிருந்தது. குத்தியது பாட்டு இல்லை, ஹெட்ஃபோன். பாஸ் மிகுந்ததில் மிக்ஸ் செய்தாலும் இதே கதைதான், தலைகீழாக: பாஸ் போதும் என்று நினைத்துக் குறைத்துவிடுவீர்கள், வெளியே போட்டால் பாட்டு சவசவ என்றிருக்கும்.

ராக், மெட்டல். எம்50எக்ஸ் இதில் நன்றாக ஓடும் என்று பலர் சொல்வார்கள், பாதி உண்மை. கிக் டிரம்மின் உதையும் சிம்பலின் பளபளப்பும் அதில் தூக்கலாக வருவதால் பாட்டு துள்ளும். ஆனால் டிஸ்டார்ஷன் போட்ட கிதாரின் உடம்பு இருப்பது கீழ் மிட்டில்தான், அந்தக் குழி நேராக அங்கேதான் விழுகிறது. இடம் வலமாக வாசிக்கும் இரண்டு கிதாரும் என்ன வாசிக்கின்றன என்று பிரித்துக் கேட்க எச்டி 600. தலையை ஆட்டிக்கொண்டு கேட்க எம்50எக்ஸ். இரண்டும் நியாயமான ஆசைகள். இடைவிடாத சிம்பல் மழை உள்ள மெட்டலுக்கு டிடி 990 வேண்டாம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

எலக்ட்ரானிக், ஹிப்-ஹாப் கேட்பவர்களிடம் எச்டி 600-ஐக் கொடுத்தால் ‘இதையா இவ்வளவு புகழ்கிறார்கள்’ என்று திருப்பிக் கொடுப்பார்கள். கேட்பது சரிதான். பாஸ் கிதாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்திக் கிதாரானால் 31. சின்தசைசரின் சப்-பாஸ் சாதாரணமாகவே 30 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் உலவும். எச்டி 600 அந்த ஆழத்துக்குப் போகப் போகச் சரிந்துகொண்டே வரும். குறிப்பு கேட்கும், அதிர்வு வராது. டிடி 770 இங்கேதான் ராஜா. மூடிய கப், காற்று போக அளவோடு விட்ட துளைகள், மெத்தென்ற வெலூர் பேட். அடிவரை இறங்கி, நெஞ்சில் தட்டுவதுபோல் ஒரு மாயையைக் கொடுக்கும். மேலே பளபளப்பு, கீழே ஆழம், நடுவில் கொஞ்சம் பின்வாங்கிய குரல். எலக்ட்ரானிக்கில் நடுவில் இழப்பதற்குக் குரல் குறைவுதானே.

ஒரு எச்சரிக்கை. மூடிய ஹெட்ஃபோனின் பாஸ், பேட் காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் உட்காருவதைப் பொறுத்தது. கண்ணாடி போடுபவர்களுக்குக் கண்ணாடியின் காம்பு பேட்டைத் தூக்கி ஓர் இடைவெளியை உண்டாக்கும், பாஸ் அதன் வழியே ஓடிவிடும். சோதித்துப் பாருங்கள்: பாஸ் உள்ள பாட்டைப் போட்டு, பேட்டின் அடியில் சுண்டுவிரலை நுழையுங்கள். ஒலி சட்டென்று தகர டப்பா ஆகும். தேய்ந்து தட்டையான பேட் இதை மெல்ல மெல்லச் செய்கிறது, நமக்குத் தெரிவதில்லை. ‘என் ஹெட்ஃபோன் முன்பு மாதிரி இல்லை’ என்று சொல்பவர்கள் முதலில் பேட்டை மாற்றிப் பார்க்கலாம்.

சிம்ஃபொனி போன்ற பெரிய ஆர்கெஸ்ட்ரா இசையில்தான் சவுண்ட்ஸ்டேஜ் என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது. நூறு பேர் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். யார் எங்கே, மண்டபம் எவ்வளவு பெரிது என்பதும் அந்த இசையின் ஒரு பகுதி. கே702 இதில் கொடுக்கும் விரிவு எச்டி 600-இடம் கிடையாது. எச்டி 600 இடக்காது, வலக்காது, நடு என்று மூன்று கும்பலாக்கிவிடும் என்று ஒரு கேலி உண்டு. முழுப் பொய் இல்லை. கே702-இன் விலை—பணத்தைச் சொல்லவில்லை—டபுள் பாஸ் வரிசை மெலிந்துவிடும், வயலின்கள் ஒன்றாக உயரத்துக்குப் போகும்போது கொஞ்சம் கண்ணாடித்தனம் வரும். ஆனாலும் ஆர்கெஸ்ட்ராவுக்கு இந்த ஆறில் நான் அதைத்தான் எடுப்பேன். ஜாஸுக்கும் கிட்டத்தட்ட இதே பதில், ஆட்கள் குறைவு என்பதால் எச்டி 600-உம் தோற்காது.

7506-ஐப் பற்றி அதிகம் பேசவில்லை என்று தோன்றலாம். 1991-இலிருந்து இருக்கிறது, வானொலி நிலையத்திலும் படப்பிடிப்புத் தளத்திலும் அதன் சுருள் கேபிளைப் பார்த்திருப்பீர்கள். அது இசை ரசிக்கச் செய்ததே இல்லை. நாற்காலி கிறீச்சிட்டதா, மைக்கில் காற்று அடித்ததா, எடிட் செய்த இடத்தில் ‘க்ளிக்’ இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் செய்தது. அதைக் கண்டுபிடிக்கும், வேறு எதையும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்து ஓம் கணக்கு, அதாவது ஹெட்ஃபோனின் மின்தடை. எச்டி 600-க்கு 300 ஓம். செல்ஃபோனில் நேரடியாகச் செருகினால் பல ஃபோன்களில் சத்தம் போதாது. டிடி 770 ப்ரோ 32, 80, 250 என்று மூன்று வகையில் வருகிறது, ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வைத்திருப்பவருக்கு 80 சரி. எம்50எக்ஸ் 38 ஓம், எதிலும் ஓடும். கே702-க்கு 62 ஓம்தான், ஆனால் ஓம் குறைவு என்று ஏமாந்துவிடாதீர்கள், அதற்கு நிறையத் தள்ள வேண்டும். தேவையான சத்தம் சுத்தமாகக் கிடைத்தால் அதற்கு மேல் ஆம்பில் (ஒலிபெருக்கும் கருவியில்) மாயம் எதுவும் இல்லை. ஆம்பின் வெளியீட்டு ஓம், ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் போதும்.

கடையிலோ நண்பரிடமோ இரண்டை ஒப்பிட்டுக் கேட்கும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். ஒரு டெசிபல் கூடினால் ‘சத்தம் கூடியது’ என்று நமக்குத் தோன்றாது, ‘இது நல்ல ஹெட்ஃபோன்’ என்று தோன்றும். போதாக்குறைக்கு, சத்தம் குறையக் குறையக் காது பாஸை இழந்துகொண்டே வரும்; ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே வரைந்து காட்டிய விஷயம். ஒரே பாட்டில் முப்பது விநாடி, குரலும் பாஸும் சேர்ந்து வரும் இடமாகப் பார்த்து, மாற்றி மாற்றிக் கேளுங்கள். புதுப் பாட்டு வேண்டாம், நூறு முறை கேட்டதாக இருக்கட்டும்.

அதிர்வெண்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்யூவால் சரிசெய்யலாமா? மேடுகளைத் தாராளமாகச் சீவலாம். டிடி 770-இல் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 5 டெசிபல் இறக்கினால் வேறு ஹெட்ஃபோன்போல் ஆகிவிடும். ஆனால் மேட்டின் சரியான இடம் காதுக்குக் காது மாறும், யாரோ போட்ட எண்ணைக் காப்பியடிக்காதீர்கள். சத்தத்தைக் குறைத்து வைத்து, சைன் அலையை (ஒரே ஒரு அதிர்வெண் மட்டும் உள்ள சோதனை ஒலி) 5-இலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஓட்டுங்கள். எங்கே குத்துகிறதோ அங்கே வெட்டுங்கள். பள்ளத்தை நிரப்புவது அவ்வளவு சுலபம் இல்லை. எச்டி 600-இன் 30 ஹெர்ட்ஸை 8 டெசிபல் தூக்கினால் வருவது பாஸ் இல்லை, உறுமல்.

கேட்டவருக்கு என் பதில்: உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் குரல். எச்டி 600 எடுங்கள். எலக்ட்ரானிக்கில் அடி பாஸ் குறையும், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். கேட்பதில் பாதிக்கு மேல் எலக்ட்ரானிக் என்றால் மட்டும் டிடி 770, 80 ஓம், மேலே சொன்ன ஈக்யூவோடு.

‘பாடிப் பதிவு செய்ய மூடிய ஹெட்ஃபோன் வேண்டுமே’ என்பீர்கள். பாடும்போது உங்களுக்குத் தேவை தாளமும் சுருதியும் கேட்பது, அது வெளியே கசியாமல் இருப்பது. அந்த நேரத்தில் ஒலியின் தரம் யாருக்கு வேண்டும்? ஃபோனோடு கிடந்த, ரப்பர் நுனி வைத்த இயர்ஃபோன் அதற்குப் போதும். பாடும்போது ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால், திறந்த பக்கத்துக்குப் போகும் ஒலியை மிக்ஸரில் முழுதாக மூடிவிடுங்கள். இல்லையென்றால் பல்லவி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் க்ளிக் டிராக் (காதில் ஓடும் தாள ஒலி) ‘டிக் டிக்’ என்று மைக்கில் ஏறியிருக்கும், அதை எந்த ஹெட்ஃபோனில் கேட்டாலும் தெரியும்.